பாப்பாவின் பூப்போட்ட கவுன்

சித்திரை 1, இரவு

புத்தாண்டும் அதுவுமாகப் பாப்பாவுக்கு அந்தக் கவுனைப் போட்டுவிட்டிருக்கக் கூடாது. துணி எங்கள் கார்மெண்ட்ஸ் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட், வெட்டியது போக மிஞ்சிய துண்டு. அடுத்த வருஷ ஈஸ்டருக்கு வெளிநாட்டில் விற்கப்போகிற பிரிண்ட். அதுவரை வெளியே யார் கண்ணிலும் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த மஞ்சள் பூவைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. பைக்குள் சுருட்டி எடுத்து வந்து நானே தைத்தேன்.

காலையில் கோயிலில், வெளிநாட்டுப் பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கிற எங்கள் ஆபீஸ் மெர்ச்சண்டைசர் கவிதா எதிரே வந்தாள். பாப்பாவைக் கொஞ்சி, போட்டோ எடுத்தாள்.

"கவுன் ரொம்ப நல்லாருக்குதுங்க்கா. எங்கீங்க எடுத்தீங்க?"

"சோமனூர்ல எடுத்தமுங்க" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

மத்தியானம் பார்த்தால் அந்தப் போட்டோ அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கிறது. பையர் ஆபீஸ்காரர்களிடம் அவள் நம்பர் இருக்கிறதே, பார்த்துவிடுவார்களே. எடுத்துவிடச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதனால் அவளிடம் எதுவும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பாப்பா கவுனைக் கழற்றவே மாட்டேன் என்று அதோடேயே தூங்கிவிட்டாள்.

இப்போது மறுபடியும் கவிதாவின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். கோபுரம் இருக்கிறது, அவள் வீட்டுப் பாயசம் இருக்கிறது. பாப்பாவின் படம் மட்டும் இல்லை.