யாருங்க கொன்னது?

காதுக்காரியை நேற்றுப் பார்த்தேன். சத்தியமாக அவளேதான். அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் கராஜ் சேல் போட்டிருந்தார்கள். பழைய டோஸ்டர், குழந்தை சைக்கிள், கிறிஸ்துமஸ் விளக்குச் சரம், இவற்றுக்கெல்லாம் நடுவில் வெள்ளை வெளேரென்று நின்றுகொண்டிருந்தாள். ஒல்லிக் கழுத்து, குண்டு வயிறு, இரண்டு பக்கமும் காது மாதிரி வளைந்த கைப்பிடி. ஒரு பூச்சாடியைப் பார்த்துத் தனக்குத் தானே சிரிக்கும் ஆளை அந்த வீட்டம்மாள் அதுவரை பார்த்திருக்க மாட்டார். பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ இருந்திருந்தால் காரிலிருந்தே, "பார்த்துட்டேன், பார்த்துட்டேன், டீ நீங்கதான் போடணும்" என்று கத்தியிருப்பாய். யார் அவளை முதலில் பார்க்கிறார்களோ அவர்களுக்கு மற்றவர் டீ போட வேண்டும் என்பதுதானே நம் சட்டம். அந்த விளையாட்டில் நான் ஜெயித்ததே இல்லை. நேற்று ஜெயித்தேன். தோற்பதற்கு நீ இல்லை.

இப்போது அவள் டிவிக்கு மேலே இருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் நாம் ஹூஸ்டன் வந்தபோது நர்ஸ் விசா உனக்கு. உன் பின்னால் வந்த புருஷன் என்ற விசா எனக்கு. நீ வேலை செய்யலாம், நான் செய்யக்கூடாது. திருச்சி ஜங்ஷனில் முன்பதிவு கவுன்டரில் நாள் முழுக்க ஜனங்களின் முகத்தில் முழித்துக்கொண்டிருந்தவன், சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அந்த மாடி அபார்ட்மென்டின் ஜன்னலில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்குக் கீழே கார் நிறுத்துமிடம். காலையில் நிறையக் கார், பகலில் காலி, மாலையில் மறுபடியும் நிறையக் கார். ஒருநாள் சும்மா நடந்து வரலாம் என்று ரோட்டோரமாகப் போனேன். ஒருவர் காரை நிறுத்தி, வண்டி ரிப்பேரா என்று அக்கறையாகக் கேட்டார். நடப்பதற்காக நடக்கிறேன் என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. பிறகு நடக்கப் போகவில்லை. பகலில் என்னோடு பேசிய ஒரே ஆள் தபால்காரர்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். நான் பதிலை மனதுக்குள் இங்கிலீஷில் கோத்து முடிப்பதற்குள் அடுத்த வாசலுக்குப் போயிருப்பார்.

அந்த வாழ்க்கையில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நமக்கென்று இருந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், இரண்டு மணிக்கு உள்ளூர் சேனலில் அந்தப் படம் வரும். ஒரு மணி நேரத்துச் சின்னப் படம். நடுவில் மெத்தை விளம்பரமும் கார் விளம்பரமும் போட்டு ஒன்றரை மணி நேரமாக இழுப்பார்கள். கறுப்பு வெள்ளை. முதல் ஐந்து நிமிஷத்தில் ஒருவர் செத்துப் போவார். தொப்பி போட்ட துப்பறிவாளர் ஒருவர் வருவார். வீட்டுக்குள்ளே வந்தும் தொப்பியைக் கழற்ற மாட்டார். "நம்ம ஊரா இருந்தா, யோவ் தொப்பியக் கழட்டுய்யான்னு இருப்பாங்க" என்பாய் நீ.

காசில்லாமல் எடுத்த படங்கள் என்று நமக்கே தெரியும். கதவை அறைந்து சாத்தினால் சுவரே ஆடும். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும், உள்ளே வருகிறவரின் தோள் மட்டும் நனைந்திருக்கும். போன வாரம் கத்திக்குத்துப்பட்டுச் செத்தவர் இந்த வாரம் இன்ஸ்பெக்டராக வந்து நிற்பார். "பொழைச்சுட்டாரு பாருங்க" என்று கைதட்டுவாய். எல்லாப் படத்திலும் அதே சோபா, அதே மாடிப்படி, அதே காதுப் பூச்சாடி. கோடீஸ்வரர் வீட்டிலும் இருப்பாள், ஹோட்டல் வரவேற்பிலும் இருப்பாள், ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனிலேயே இருந்தாள். காதுக்காரி என்று பெயர் வைத்தது நீ. இந்த ஊரில் நமக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான் என்று சொல்லிச் சிரிப்பாய்.

ஆனால் ஒரு படத்தையும் நீ முழுதாகப் பார்த்ததில்லை. மூன்று மணிக்கு உனக்கு ட்யூட்டி. இரண்டரைக்கெல்லாம் உன் பிலிப்பைன்ஸ்காரத் தோழி கீழே வந்து ஹார்ன் அடிப்பாள். வெள்ளை ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல், "கடைசி வரைக்கும் பார்த்து வைங்க, காலைல சொல்லணும்" என்று ஓடுவாய்.

அங்கேதான் சிக்கல். கடைசிப் பத்து நிமிஷத்தில் தொப்பிக்காரர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்குவார். சிகரெட்டை ஒரு பக்கம் கடித்துக்கொண்டு மறுபக்கத்து வாயால் மடமடவென்று பேசுவார். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. இங்கிலீஷ் பேப்பர் படிப்பவன்தான் நான். ஆனால் அது வேறு இங்கிலீஷ். கைவிலங்கு யார் கையில் மாட்டுகிறார்கள் என்றாவது பார்க்கலாமென்றால், சரியாக அப்போது காமிரா தொப்பிக்காரரின் முகத்துக்குப் போய்விடும். அங்கேயும் காசு மிச்சம் பிடித்திருப்பார்கள் போல.

திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்ததும் நீ கேட்கும் முதல் கேள்வி, "யாருங்க கொன்னது?" புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு. நீ உழைத்துவிட்டு வருகிறாய், வாரம் பூராவும் சும்மா உட்கார்ந்திருக்கும் நான் உனக்குக் கொடுக்க இருப்பது இந்த ஒரு கதை. அதனால் நானே முடித்து வைத்தேன். ரயில்வேக்காரன் முடிக்கும் கதையில் வேறென்ன வரும்? செக்ரட்டரி எடுத்த டிக்கெட் வேறு ஊருக்கு. டாக்டர் ஏறியதாகச் சொன்ன ரயில் அன்று ரத்து. நெக்லஸ் இருந்தது க்ளோக் ரூம் பெட்டியில். நீ தோசையைத் திருப்பிப் போட்டபடி, "அந்த ஊர்ல இவ்ளோ ரயிலா?" என்பாய். அந்தக் காலத்தில் உண்டு என்று நான் அடித்துவிடுவேன்.

அப்புறம் அந்த ஒரு படம் வந்தது. உனக்கு நினைவிருக்கும். பணக்காரர் ஒருவர் நூலக அறையில் செத்துக் கிடப்பார். அந்த வீட்டில் வந்து தங்கியிருக்கும் ஒரு மனிதர், கூடத்து மூலையில் உட்கார்ந்து தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருப்பார். யார் கதவைத் திறந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார், வந்தவர் அவரைப் பார்க்காமல் தாண்டிப் போவார். படத்தில் அவருக்கு வசனமே இல்லை. வீட்டுக்காரம்மாளின் அக்கா புருஷன் என்று நாமாக முறை வைத்துக்கொண்டோம். "பாவங்க, அவருக்கு ஒரு காப்பிகூட யாரும் குடுக்க மாட்டேங்கறாங்க" என்றாய் நீ ஷூ போடும்போது. ஹார்ன் அடித்தது. போய்விட்டாய்.

என் விடுப்பு முடிய அப்போது ஒரு மாதம்தான் இருந்தது. திரும்பிப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா. போய்விடுவதென்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். இங்கே நான் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலிருந்தும் ஒன்றுதான் என்று தோன்றியது. உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை கரண்டியும் கையுமாக நின்று கேட்டாய்.

"சொல்லுங்க, யாருங்க கொன்னது?"

"சீட்டு வெச்சுக்கிட்டு இருந்தாரே, அவருதான்."

"அவரா? அவர் எதுக்குங்க?"

"வீட்டுலயே சும்மா இருந்தாருல்ல. சும்மா இருந்தா புத்தி கெட்டுப் போகும்."

"புடிச்சுட்டாங்களா?"

"இல்ல. பேசாம ரயில் ஏறிப் போயிட்டாரு. யாரும் தேடலை."

கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. நீ அடுப்பை அணைத்தாய். என்னைப் பார்க்காமல், அந்தத் தோசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"யாரும் தேடலைன்னு படத்துல சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?"

நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ விடவில்லை.

"அவரு இல்லைங்க. அவரா இருக்கவே இருக்காது. எனக்கு மட்டும் இங்க யாரு இருக்கா சொல்லுங்க? வார்டுல எல்லாரும் ஹனி, ஹனிங்கறாங்க. ஒருத்தருக்கும் என் பேரு வாயில வரலை. அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான் பாதியிலதான் எந்திரிச்சுப் போவணும். பார்த்துச் சொல்ல எனக்கு ஆள் வேணும்."

சொல்லிவிட்டு அழுதாய். எனக்கும் அழுகை வந்தது. அந்தக் கருகல் வாசனையில் இரண்டு பேரும் நின்று அழுதோம். ராஜினாமாவை அந்த வாரமே அனுப்பினேன். பிறகு ஜெனி பிறந்தாள், வீட்டோடு இருந்தவனுக்கு வேலை வந்தது. க்ரீன் கார்டு வந்தது, பேர்லேண்டில் இந்த வீடு வந்தது. அந்தச் சேனலில் படம் போடுவதை எப்போது நிறுத்தினார்கள் என்று நாம் கவனிக்கக்கூட இல்லை. நான் இப்போது விமான நிலையத்து பார்க்கிங்கில் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் வாங்குகிறேன். திருச்சியில் கொடுத்தேன், இங்கே வாங்குகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் நீ படுக்கையில் இருந்தபோதுதான் அதைச் சொன்னாய். ஆஸ்பத்திரிச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட யாரோ குதிரையில் போனார். நீ அதைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சீட்டுக்காரர் படம் இருக்குல்ல, அதோட முடிவ நான் அன்னிக்கே பார்த்துட்டேங்க" என்றாய். ட்யூட்டிக்குப் போனதும் ஒரு பேஷன்ட் அறையில் அதே படம் ஓடிக்கொண்டிருந்ததாம். ப்ரெஷர் பார்க்கும் சாக்கில் கடைசி வரைக்கும் நின்றாயாம்.

"அன்னிக்கு மட்டுமா?" என்று கேட்டேன்.

"அடிக்கடிதான்."

"அப்ப அந்த ரயில் எல்லாம்?"

"ஊர்ல மத்தவங்க ரீல் விடுவாங்க. நீங்க ரயில் விட்டீங்க." சிரித்ததில் உனக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாய், "தெரியும்னு சொல்லியிருந்தா அடுத்த வாரம் சொல்லியிருக்க மாட்டீங்கல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அத்தனை திங்கட்கிழமையும் துப்பறிந்தது நீதான். தொப்பி மட்டும்தான் இல்லை.

"சரி, நெசமா யாருதான் கொன்னது?"

"நீங்க சொன்னவரு இல்ல" என்றாய். அதற்குள் மாத்திரையோடு நர்ஸ் வந்துவிட்டாள். நீ தூங்கிவிட்டாய். பிறகு அதைக் கேட்க நேரம் வரவேயில்லை.

நீ போன பிறகு இந்த வீடு அந்த அபார்ட்மென்ட் மாதிரி ஆகிவிட்டது. ஜெனி பள்ளிக்கூடம் போனதும் ஜன்னலில் போய் நிற்கிறேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்பதுகூடப் பெரிதில்லை. என்னைக் கேள்வி கேட்க ஆளில்லை. திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து சும்மா நிற்கிறேன்.

இன்று பூசை முடிந்து வந்ததும் ஜெனி டிவிக்கு மேலே பார்த்தாள். "வாட் இஸ் தட், அப்பா?" என்றாள். "இது ஒரு பெரிய நடிகைம்மா" என்று அவளுக்குக் காதுக்காரியைப் பற்றிச் சொன்னேன். தொப்பிக்காரர், ஆடும் சுவர், நனைந்த தோள் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் படத்துக்கே வந்துவிட்டேன். மூலையில் ஒருவர் சீட்டு அடுக்கிக்கொண்டிருப்பார் என்றதும், கலர் பென்சிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஐ நோ திஸ் ஒன். அம்மா டோல்ட் மீ" என்றாள்.

நீ சொல்லியிருக்கிறாயாம். ஒன்பது வருஷம் கழித்து முடிவு என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறது.

"யாரும்மா கொன்னது? அவரா?"

"நோ! எவ்ரிபடி தாட் இட் வாஸ் ஹிம்." எல்லாரும் அவரைத்தான் நினைத்தார்களாம். ஆனால் அவர்தான் எல்லாவற்றையும் பார்த்தவராம். எப்போதும் வீட்டிலேயே இருந்ததால் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவருக்கு மட்டும்தான் தெரியுமாம். கண்டுபிடித்ததே அவர்தானாம். "தி ஹேட் கை ஜஸ்ட் டுக் தி க்ரெடிட்" என்று தொப்பிக்காரரை ஒரே போடாகப் போட்டாள். சொல்லும்போது அவள் உதட்டைச் சுழித்தது உன்னை மாதிரியே இருந்தது.

"அப்புறம்? அவரு ரயில் ஏறிப் போயிட்டாரா?"

ஜெனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வாட் ட்ரெய்ன்? ஹீ ஸ்டேட், அப்பா. தே நீடட் ஹிம்." போகவே இல்லையாம், அவர் அங்கே வேண்டியிருந்ததாம்.

"சரிம்மா, அப்ப கொன்னது யாரு?"

தோளைக் குலுக்கினாள். "அம்மா டிடின்ட் ஸே. தட்ஸ் நாட் தி ஸ்டோரி." கதை அதுவே இல்லையாம்.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அது படத்தின் முடிவா, நீ விட்ட ரயிலா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். நான் கெடுத்து வைத்த ஒரு கதையை நீ என்னிடம் சொல்லாமல் சரிசெய்து, பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

டீயை நானே போட்டேன், நம் சட்டத்தை மீறி. நீ அன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேனல்லவா, இப்போது சொல்கிறேன். யாரும் தேடலை என்று படத்தில் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அது பொய். நீ தேடினாய். எனக்கு இப்போது உன்னைத் தேடுகிறது.