ஆலயத்து இறக்கத்தில் என் வண்டி

1953 செப்டம்பர் 14, அருமனை

இன்றும் வண்டி நிற்கவில்லை. ஆலயத்து இறக்கத்தில் இடுப்பு வலிக்கப் பிரேக்கை மிதித்தேன்; அது தன்பாட்டுக்கு உருண்டது. கைப்பிரேக்கையும் சேர்த்து இழுத்த பிறகுதான் டீக்கடை முன்னால் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மரியாதைக்கு அல்ல.

என் வீட்டுக்காரர் இறந்து ஒன்றரை வருஷம். எனக்கு விட்டுப் போனது இந்தப் பழைய குட்டிக் காரும் அவருடைய ஒரு தம்பியும். அந்தத் தம்பி, சபைக் கமிட்டிச் செயலாளர் சத்தியராஜ், சாயங்காலம் வாசலில் வந்து நின்றான்.

"மைனி, பொம்பளைக்கு எதுக்கு காரு? ஆரையாவது கொல்லுகதுக்கு முன்ன வித்துப் போடுங்க."

வாங்குகிற ஆள் யார் என்று கேட்டேன். அவன் மச்சினனாம்! எவ்வளவு அக்கறை.

செப்டம்பர் 20

கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகைக்குள் பிரேக் சரியாகாவிட்டால் என் வண்டி அந்த இறக்கத்தில் இறங்கக் கூடாதாம். அதை விட்டால் என் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வேறு வழி ஏது? ரப்பர் தோட்டத்தில் ஒருத்திக்கு வலி கண்டால், மருத்துவச்சி நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளை நீலம் பாரித்திருக்கும். போன மாசம் இரண்டு குழந்தைகள் இந்தக் கார் போனதால் பிழைத்தன. செயலாளருக்கு அதெல்லாம் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்கிறான்.

செப்டம்பர் 29

கருங்கல் ஊரிலிருந்து மெக்கானிக் மரியான் வந்தான். சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்ததும் சிரித்துவிட்டான்.

"அக்கா, டிரம்மைப் பிடிச்சு நிறுத்துக லைனிங்கு தேஞ்சு ஆணித்தலை தெரியுது. இதுல எப்பிடி நிக்கும்?"

நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் அடித்தான். டிரம்மின் உட்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தான். தளர்ந்து கிடந்த பிரேக் கேபிளை இழுத்து முறுக்கினான். ஓட்டிப் பார்த்து மிதித்தேன். நின்றது! என் மூக்கு வண்டியின் முன்கண்ணாடியில் இடிக்கப் பார்த்தது.

அக்டோபர் 4

நிற்கிறது, ஆனால் கீச்சென்று அலறிக்கொண்டு நிற்கிறது. ஜெப நேரத்தில் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தினேன். உள்ளே அத்தனை பேரும் சிரித்தார்களாம். "விதவை அழாட்டாலும் அவ வண்டி அழுவுது" என்று சத்தியராஜ் சொன்னானாம். வீட்டு வேலைக்கு இருக்கும் தங்கபாய் அதைக் கேட்டுவிட்டு வந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவன் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கத் தோன்றியது.

அக்டோபர் 5

அலறட்டும்.

அக்டோபர் 11, அறுப்பின் பண்டிகை

நெற்றியில் மூன்று தையல். குனிந்து எழுதினால் வலிக்கிறது.

இறக்கத்தில் மிதித்தேன். சத்தமே இல்லை. பிரேக்கும் இல்லை. ஏலத்துக்குக் குவித்திருந்த வாழைக்குலைகளையும் பூசணிக்காய்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வண்டி ஆலயத்து மதிலில் போய் மோதியது. குலைகளுக்குப் பக்கத்தில் ஐந்தாறு குழந்தைகள். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இறங்கிச் சக்கரத்தைத் தடவினேன். கையெல்லாம் தேங்காய் எண்ணெய்! நேரே போய் அந்தக் கையைச் சத்தியராஜின் வெள்ளைச் சட்டையில் தேய்த்தேன். "நீதாம்லே செய்தே!" என்று சபை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"மைனி, சத்தியமா நான் இல்ல."

ஒருத்தரும் நம்பவில்லை. வண்டியை ரோட்டிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன் என்று அவன்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்?

அக்டோபர் 13

எண்ணெய் குடித்த லைனிங்கைப் பிய்த்தெறிந்துவிட்டு மரியான் வேறு போட்டுக்கொடுத்தான். அவன் போனதும் தங்கபாய் என் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நாந்தான். ஆளுவ சிரிக்காவளேன்னு சனிக்கிழமை கோழியிறகை எண்ணெயில முக்கி சக்கரத்துக்க சந்துல எல்லாம் விட்டேன். கிணத்துக் கப்பிக்கு விடுகதுதானே, அதுபோலன்னு நினைச்சேன்."

யாரிடமும் சொல்லாதே என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன். அவளுக்காகத்தானா?

அக்டோபர் 18

கமிட்டி என்னை விசாரித்தது. கையில் எண்ணெய் இருந்தது என்றேன், உண்மைதான். யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். பேசாமல் அவனையே பார்த்தேன். அது போதுமாக இருந்தது. செயலாளர் பதவி போயிற்று. ஆறு மாசம் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. நன்றாக வேண்டும். பெண் ஓட்டினால் ஆள் சாகும் என்றவன்தானே.

தங்கபாய் வைத்த சோற்றை மூடி வைத்தேன்.

நவம்பர் 9

சத்தியராஜ் குடும்பத்தோடு கருங்கல்லுக்கு, மனைவி செல்லபாயின் வீட்டுக்குப் போய்விட்டான். மற்றவர்கள் திருவிருந்துக்கு எழுந்து போகும்போது புருஷன் மட்டும் பெஞ்சில் இருப்பதை அவளால் பார்க்க முடியாதாம்.

இறக்கத்தில் அவர்களுடைய மாட்டுவண்டி முன்னால். பிரசவத்துக்குப் போக நான் பின்னால். நடுவழியில் மாடு நின்றது. மிதித்தேன். கீச்சென்று அலறி, இரண்டு முழம் இடைவெளியில் நின்றது. சட்டி பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த சத்தியராஜ் திரும்பிப் பார்த்தான்.

"இப்பம் நல்லாப் பிடிக்குது மைனி," என்றான்.

அதில் குத்தல் இல்லை. என் வண்டியைப் பற்றி அவன் நல்லதாக ஒன்று சொன்னது இதுதான் முதல் தடவை. எண்ணெய் விட்டது யாரென்று எனக்கு வாய்வரை வந்தது.

ஹாரனை அடித்தேன். மாடு நகர்ந்தது.