பச்சைத் துண்டுக்காரரின் சாட்சி

ஜூன் 10, செவ்வாய். சித்தூர்

காலையிலேயே வெயில். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டில் பாதி பாக்கி. சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

திருப்பதியிலிருந்து என் ஆராய்ச்சி வழிகாட்டி மேடம் ஃபோன். ஆராய்ச்சியில் வட அயர்லாந்து அத்தியாயங்கள் பரவாயில்லையாம். "அரசுக்கு விசுவாசமான படைகள் என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாயே, உன் ஊர்ப் பக்கம் அப்படி எதுவும் இருந்ததில்லையா?" என்று தெலுங்கில் கேட்டார். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இருந்தது. நகரி பக்கம், எங்கள் ஊரிலேயே. ஏரிக்குக் கீழே இருந்த அரசு நிலத்துக்கு எங்கள் காலனிக்காரர்கள் பேரில் பட்டா வந்த சமயம். நான் பிறக்கவில்லை. மேல்தெருப் பெரிய வீட்டுக்காரர் ஆள் திரட்டினார். தோளில் பச்சைத் துண்டு, கையில் தடி. "நாங்க சர்க்கார் பக்கம், ஊரக் காப்பாத்துறவங்க" என்று சொல்லிக்கொண்டார்களாம். நாங்கள் கலகக்காரர்கள். என் அப்பா, நைனாவின் இடது கை அப்போது போனதுதான். விரல் மடங்காது. அடிக்குப் பயந்து மூன்று குடும்பங்கள் நிலத்தை விட்டன. எங்களுடையது ஒன்று.

இப்போது பெரிய வீட்டுப் பேரன்கள், "அவர்களாகவே விட்டுப் போனார்கள்" என்கிறார்கள். நிலத்தைத் திரும்பக் கேட்டு நாங்கள் போட்ட மனுவுக்குத் திங்கட்கிழமை ஆர்டிஓ விசாரணை. எங்களுக்குச் சாட்சி எங்கள் ஆட்கள் மட்டும்.

பச்சைத் துண்டுக்காரர்களில் முனுசாமி என்பவர் பலமனேரில் மகன் வீட்டில் இருக்கிறாராம். ஃபோன் செய்தேன். ஊர்ப் பேரைச் சொன்னதும் வைத்துவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

லீவு போட்டுப் பலமனேர். பஸ்ஸில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே. அங்கே காற்று குளிர்ச்சி.

மு. (முனுசாமி) மெலிந்த மனிதர். பால் சென்டரில் கேன் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் செத்துப் போன கத. என்னாத்துக்கு நோண்டறே?"

"நான் கோவிந்தன் மக, ஐயா."

குழாயை மூடினார். கழுவிய கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "கை எப்டிகீது?"

"அப்டியேதான்."

"உன்னாண்ட சொல்ல மாட்டேன்மா. உங்க நைனா வரட்டும். அவரு இல்லாம சொன்னா அது பொறணி."

வரும்போது மருமகள் ஒரு சொம்பு மோர் தந்தார். உப்பு தூக்கல். நல்ல தாகம், முழுக்கக் குடித்தேன்.

எனக்கு வேண்டியது அத்தியாயமா, சாட்சியா? இரண்டும்தான். மறைப்பானேன்.

ஜூன் 13, வெள்ளி. ஊர்

நைனாவிடம் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டார். "அவன் பேரு இந்த வூட்ல கேக்கக் கூடாது." அம்மா என்னைத்தான் திட்டினாள்: "துன்ற நேரத்துல சொல்றியே, படிச்ச பொண்ணா நீ?"

ஜூன் 14, சனி

காலையில் எழுந்து பார்த்தால் நைனா ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வாசலில். "பஸ் எத்தினி மணிக்கு?" அவ்வளவுதான் கேட்டார்.

பலமனேர், பால் சென்டர்.

மு. எழுந்து நின்றார். "வாங்க. ஒக்காருங்க." அந்தக் காலத்தில் நைனாவை "டேய்" என்றவர். அந்த "வாங்க"வை நைனா கவனித்தார். ஆனால் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். எங்கள அடிச்சியே, உனக்கு இன்னா கெடச்சிது?"

மு. யோசித்துச் சொன்னார்: "ஒரு வேள சோறு. ஒரு துண்டு. அப்புறம், போலீஸ்காரரு ஒருத்தரு தோள்ல கை போட்டு ‘ஏம்பா முனுசாமி’ன்னாரு. அதுக்கு முந்தி என்ன யாரும் பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. மாட்டுக்காரான்னுதான். சர்க்காரே நம்மளுதுன்னு நெனச்சிக்கினேன்."

"நெலம்?"

"எனக்கா? ஒரு புடி மண்ணு குடுக்கல."

அப்போதுதான் நைனா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்க கைய அடிச்சது நான் இல்ல," என்றார் மு. "புடிச்சிக்கினு இருந்தது நான்."

"தெரியும். உன் மூஞ்சியதான் பாத்துக்கினு இருந்தேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கேன்களைப் பார்த்தேன்.

நைனா: "திங்கக்கெழம ஆர்டிஓ ஆபீசுக்கு வந்து இத அங்க சொல்லு."

மு. தலை கவிழ்ந்தது. அவர் தம்பி இன்னும் எங்கள் ஊர் மேல்தெருவில். பெரிய வீட்டு மோட்டார் கொட்டகையில் வேலை. "நான் வாயத் தொறந்தா அவன் வயித்துல அடிப்பாங்க, கோயிந்தா."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அத்தியாயத்துக்காகக் கொண்டுபோன ரெக்கார்டரை நான் ஆன் செய்யவே இல்லை. மேடம் திட்டுவார்.

பங்காருபாளையத்தில் பஸ் நின்றபோது நைனா இறங்கி மாம்பழம் வாங்கினார்.

ஜூன் 15, ஞாயிறு

புழுக்கம். கரண்ட் போய்ப் போய் வந்தது.

நைனா தானாகவே கேட்டார்: "நீ படிக்கிற அந்த ஊர்ல இன்னா ஆச்சி?"

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அங்கேயும் ஆயுதம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், பட்டறைத் தொழிலாளிகள். பிரிட்டிஷ் ராணிக்கு விசுவாசம் என்றார்கள். பக்கத்துத் தெருக்காரனைக் கொன்றார்கள். அரசு சிலரை ஜெயிலில் போட்டது, சிலர் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டது. ஜெயிலுக்குப் போனவர்களிலேயே சிலர் பேச்சுவார்த்தை வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். சண்டையை நிறுத்தியபோது, செத்துப்போன அப்பாவிகளின் குடும்பங்களிடம் வருத்தம் தெரிவித்தார்கள்.

"வருத்தம்னு சொன்னா போதுமா?"

"போதாது நைனா. ஆனா அதுக்கப்புறம் பொறந்த புள்ளைங்க நெறைய பேரு உயிரோட கீறாங்க."

மாம்பழத்தை ஒற்றைக் கையால் அறுத்து, எனக்குக் கொட்டைப் பக்கம் தந்தார். சின்ன வயதிலிருந்து எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஜூன் 16, திங்கள். நகரி

ஆர்டிஓ ஆபீஸ். மேல்தெரு ஆட்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நடுவில் தண்ணீர் கேன்.

பேரன்களின் வக்கீல் கேட்டார்: "பயமுறுத்தினார்கள் என்கிறீர்களே, உங்கள் ஆளைத் தவிர யார் பார்த்தது?" நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவுப் பக்கம் சலசலப்பு. மு. வந்திருந்தார். கூடவே அவர் தம்பி! தம்பிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

மு. தெலுங்கில் ஆரம்பித்துத் திணறினார். ஆர்டிஓ அம்மா, "தமிழ்லயே செப்பண்டி," என்றார்; தமிழிலேயே சொல்லலாமாம், தனக்குப் புரியுமாம். பிறகு தடுமாற்றம் இல்லை. தடி எந்த வீட்டில் அடுக்கியிருந்தது, யார் எடுத்துக் கொடுத்தது, யார் வீட்டுக் கூரையை முதலில் பிய்த்தது, எல்லாம். தான் பிடித்த கையையும் சொன்னார்.

வக்கீல்: "இதைச் சொல்ல உனக்கு என்ன கொடுத்தார்கள்?"

"அப்பதான் சாமி குடுத்தாங்க, தடிய. இப்ப யாரும் ஒண்ணும் குடுக்கல."

சிரிப்பு. எங்கள் பக்கம் மட்டும் இல்லை, மேல்தெருப் பெண்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எல்லாம் பதிவானது. நிலத்தை அளக்க உத்தரவு. தீர்ப்பு அப்புறம்தான்.

வெளியே வந்ததும் தம்பி சொன்னார்: "காலையிலயே கொட்டகச் சாவிய குடுத்துட்டேன். அவங்க வாங்கறதுக்கு முந்தி நானே குடுத்தா மரியாதையாச்சே." மு. சனிக்கிழமையே தம்பிக்கு ஃபோனில் சொன்னாராம்; அன்றிலிருந்து தம்பி பெண்டாட்டி அண்ணனை அழைத்து வரச் சொல்லி நச்சரித்தாளாம்.

நைனாவும் மு.வும் டீக்கடையில். அருகருகே நின்றார்கள். பேச்சு மாட்டைப் பற்றி.

ஜூன் 20, வெள்ளி. ஊர்

விடிந்ததும் மேகம். மேடத்துக்கு எங்கள் ஊரைப் பற்றிய கடைசி அத்தியாயத்தின் தலைப்பு அனுப்பினேன். பதில்: "எழுது."

சர்வேயர் வந்தார். ஏரிக்குக் கீழே எங்கள் நிலம் முழுக்க முள். எல்லைக் கல் ஒன்று புதரில் தட்டுப்பட்டது, ஒன்றைக் காணோம். மேல்தெருவிலிருந்து பேரன்கள் வரவில்லை. மற்றவர்கள் வந்து தள்ளி நின்று பார்த்தார்கள். மு. தம்பிதான் அரிவாளோடு இறங்கி முள்ளை வெட்டி வழி பண்ணினார்.

நைனா அவரிடம்: "ஆர்டர் வந்தா மல்லாட்ட போடலாம்னு கீறேன். ஒரு கையால ஏர் புடிக்க முடியாது. பங்குக்கு வர்றியா?"

"மேல்தெருக்காரன் உங்க நெலத்துல பங்குக்கா? சிரிப்பாங்களே!"

"சிரிக்கட்டும். ரெண்டு வருசம் சிரிப்பானுங்க."

தம்பி அரிவாளை ஊன்றி நின்று யோசித்தார். "கடல வெத எங்க வாங்கறது, புத்தூர்லயா?"

"நாளைக்கே போய்ப் பாத்துட்டு வரலாம்."

தூறல். நான்தான் குடை கொண்டு போகவில்லை.