சூசையப்பருக்கு என்ன வேலை

கரியாலூர்
28.9.87

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். முழங்கால் வலி தேவலையா? தூத்துக்குடியில் மழை உண்டா? நான் இளைத்துவிட்டேனா என்று அம்மா கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இட ஒதுக்கீட்டு மறியலைப் பேப்பரில் படித்துப் பயந்திருப்பீர்கள். மரங்களை வெட்டிப் போட்டதெல்லாம் கீழே சாலையில்தான். மலைக்கு பஸ் வரவில்லை, அவ்வளவே. சங்கராபுரத்திலிருந்து வரவேண்டிய சாமியாரும் வரவில்லை. அதனால் ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் முடிந்ததும் நானே ஞானோபதேசம் எடுத்தேன்.

கடவுளுக்குத் தெரியாதது எதுவுமில்லை, அவர் எதையும் கற்க வேண்டியதில்லை என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். சாமைக் காட்டிலிருந்து நேரே வந்திருந்த பெரியம்மாள் என்பவர் எழுந்தார்.

"ஏசுசாமி தச்சு வேல கத்துக்கினாருங்களா, தெரிஞ்சிக்கினே பொறந்தாருங்களா?"

"அவரு கடவுள்லா? எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கும்" என்றேன்.

"அப்ப பாவம், வளத்த அப்பன் சூசையப்பரு அந்தப் புள்ளைக்கு இன்னாதான் சொல்லிக் குடுத்தாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். மனிதராகப் பிறந்ததால் மனிதரைப் போலவே கற்றுக்கொள்ளவும் செய்தார் என்று திருச்சபை சொல்வது எனக்குத் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

"அப்பிடிச் சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். ஸ்டவ் திரி கருகிவிட்டது, இங்கே கிடைக்காது. வாங்கி அனுப்புங்கள். அதை எப்படி மாற்றுவது என்றும் விவரமாக எழுதுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை. இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
அமலி