அதே வண்டி, வேற கிளட்ச்

அப்பாவுக்கு வணக்கம். உங்க முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா? நான் இங்கே ஏதோ இருக்கேன்.

புது வண்டியில கிளட்ச் கல்லா இருக்கு, வேகமெடுத்தா ஹேண்டில் உதறுதுன்னு எழுதியிருந்தீங்க. இங்கிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்தேனே தவிர, நான் அதைத் தொட்டதுகூட இல்லையே. நேத்து வேலை முடிஞ்சு வரும்போது நாங்க தங்கியிருக்கிற கட்டடத்துக்குக் கீழே அதே மாதிரி வண்டி ஒண்ணு நின்னுச்சு. கிளட்சைப் பிடிச்சுப் பார்த்தேன். காவலாளி ஓடி வந்துட்டார்.

"எனக்கும் இதே வண்டி இருக்குங்க."

"அப்போ சாவியைக் காட்டு."

சாவி ஊர்ல இருக்குன்னு சொன்னதும் அவர் சிரிச்சார், நானும் சிரிச்சு வச்சேன். பயப்படாதீங்க.

அந்தக் கிளட்ச் முதல்ல கொஞ்சம் லூசா வந்து, அப்புறந்தான் பிடிக்குது. நம்ம வண்டியிலயும் கிளட்ச் கேபிளை அப்படித் தளர்த்தச் சொல்லுங்க. முன்சக்கரம் கோணாம சுத்துதான்னும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. அதுவரை அம்மாவைப் பின்னால ஏத்தாதீங்க.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வேன் வந்துருச்சு. வீட்ல சும்மா கிடக்கிற ரெண்டாவது சாவியை அனுப்பி வைங்க. இங்கே என் பையில கிடக்கட்டும்.

உங்க பெரியவன்