டி டிரைவில் இருந்த பிள்ளை

செப். 2, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. முற்றமெல்லாம் புழுதி. இன்றைய வேலை: கணினியை அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போடுதல். பல வாரமாகத் தள்ளிப்போட்டது. இயங்கத் தொடங்குவதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம் என்ற நிலை.

யூடியூப் பார்த்துத் தாளில் எழுதிவைத்த படிகள். முதலாவது, தேவையானவற்றைப் பென் டிரைவுக்கு மாற்றுவது. திரையின் முகப்பில் இருந்த கோப்புறைகள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். நொடியில் முடிந்தது. புதிய பென், வேகமானது போலும். சரிபார்க்க ஒவ்வொன்றையும் பென்னிலிருந்தே திறந்தேன். எல்லாம் திறந்தன. 'ரஞ்சனி பிள்ளைப் படங்கள்' கூட. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்து மூடினேன். பிறர் வீட்டுப் படங்களை நான் பார்ப்பதில்லை.

ரஞ்சனி பின்வேலிக்கு அடுத்த வீடு. ஜெயபுரத்துப் பெண், இங்கே முள்ளியவளையில் வாழ்க்கைப்பட்டவள். பாட்டன் காலத்தில் மலையகத்திலிருந்து வந்த குடும்பம். கணவன் தினேஷ் கட்டாரில். போன் நிரம்பிவிட்டதென்று வைகாசியில் கொண்டுவந்தாள். மகன் கவின் பிறந்ததிலிருந்து எடுத்த எல்லாம் அதில். டி டிரைவுக்கு மாற்றிவிட்டு, அவள் கேட்டபடி போனிலிருந்து அழித்துக் கொடுத்தேன்.

பிற்பகல் நிறுவல். பழைய பிரிவுகள் இரண்டையும் அழிக்கச் சொன்னது தாள். அழித்தேன். பிறகு எத்தனை எம்.பி. என்று அளவு கேட்கும் பெட்டி. முழு டிஸ்க்கின் அளவும் அதில் தானாக நிரம்பியிருந்தது. முழுவதையும் கொடுக்க மனம் வரவில்லை. நீர்ப்பாசன அலுவலகத்தில் வரைஞனாக இருந்தவன் நான். எந்தப் போகத்துக்கும் குளத்துத் தண்ணீர் முழுவதையும் திறந்துவிடுவதில்லை. 100000 என்று போட்டேன். மீதி கையிருப்பாக இருக்கட்டும் என்று.

கமலா இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறு வருட மனைவியின் கருத்து: "அது தன்ரபாட்டில கிடந்தது. உங்களுக்குத்தான் சும்மா கிடக்கேலாது."

மாலைக்குள் முடிந்தது. நன்றாக ஓடுகிறது. ஒருவரையும் கேளாமல் செய்தேன்.

செப். 3, புதன்

சி டிரைவ் மட்டும். 97 ஜி.பி. வாங்கியது 500.

அணைத்துப் போட்டேன். 97. மீண்டும் அணைத்துப் போட்டேன். 97.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி ஆயிரத்து இருபத்துநான்காக எண்ணுகிறது. ஆகவே 500 என்பது 465 ஆகத் தெரியும். அது பழைய கதை, அதற்குப் பதறவில்லை. ஆனால் 465 எங்கே, 97 எங்கே. டி டிரைவே இல்லை.

பென்னில் இருக்கிறதே என்று அதைச் செருகினேன். ரஞ்சனியின் கோப்புறையை அழுத்த, ஒரு சிறு பெட்டி வந்தது: குறிப்பிட்ட இடம் இல்லையாம். அடுத்ததை அழுத்தினேன். அதே பெட்டி. எல்லாவற்றுக்கும் அதே பெட்டி. ஒவ்வொன்றின் அளவும் இரண்டு கே.பி. மூலையில் ஒரு சிறிய வளைந்த அம்பு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அம்புதான்.

நான் பிரதி எடுத்தது படங்களை அல்ல. படம் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் குறுக்குவழிகளை. நேற்று அவை திறந்ததற்குக் காரணம், டி டிரைவ் அப்போது இருந்தது. பென்னைச் சோதிப்பதாக நினைத்து டிஸ்க்கையே சோதித்திருக்கிறேன். பிறகு என் கையாலேயே அதை அழித்திருக்கிறேன்.

மின்விசிறியைப் போட்டு அதற்குக் கீழே போய் இருந்தேன். கமலா என்னவென்று கேட்டாள். பிரஷர் என்றேன். நாலு மணிக்கு வழக்கம்போலக் கோயிலுக்குப் போனாள். நல்லதாயிற்று.

செப். 4, வியாழன்

வெயில். கணினிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி, உருட்டிக்கொண்டு சந்தியிலிருக்கும் கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ரமணன் ஒரு கையில் போன், மறுகையில் பாதி கடித்த ரோல்ஸ். திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிஸ்க் அடிபட்டுவிட்டது, புதிது போடலாம் என்றார். அதிலிருந்த படங்கள் என்று இழுத்தேன்.

"படம்தானே ஐயா. இனி எடுத்துக்கொள்ளலாம்."

நான்கு வயதுப் பிள்ளையை மறுபடி எப்படிப் பிறக்கச் செய்து எடுப்பதென்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி?

வீட்டில் நானே தேடினேன். டிஸ்க்கைப் படமாக வரைந்து காட்டும் ஒரு பக்கம் விண்டோஸில் இருக்கிறது. நீலப் பட்டை, அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. 'ஒதுக்கப்படாதது', 367 ஜி.பி. ஒன்றும் அடிபடவில்லை. செவ்வாயன்று நான் கையிருப்பு என்று விட்ட மீதி அது. என் 100000.

சிரிப்பு வந்தது. வலது பக்கம் சொடுக்கி, புதிய பிரிவு என்று கொடுத்து, விரைவாக ஃபோர்மட் செய் என்றதற்கும் சரி என்றேன். டி டிரைவ் வந்தது. வெறுமையாக.

வேலை செய்கிறதா என்று பார்க்க, என் போனில் இருந்த கோயில் திருவிழா வீடியோக்கள் முழுவதையும் அதில் ஏற்றினேன். நன்றாக ஏறியது. அதற்குப் பிறகுதான் இணையத்தில் வாசித்தேன்: அழிந்தவை அந்த இடத்திலேயே பெயரில்லாமல் கிடக்குமாம், மீட்கலாமாம், ஒரே நிபந்தனை, அவற்றின் மேல் புதிதாக எதையும் எழுதக்கூடாது.

எழுதிவிட்டேன். தேரும் தீர்த்தமும்.

வாசித்துவிட்டுச் செய்வதை விட்டு, செய்துவிட்டு வாசிக்கிறேன். இவ்வளவு காலம் என்னிடம் ஒழுங்கு இருப்பதாகச் சொன்னவர்கள் எதைப் பார்த்துச் சொன்னார்கள்?

செப். 5, வெள்ளி

காலை எங்கள் வாசல் படலையடியில் ரஞ்சனி, கையைப் பிடித்தபடி கவின். பையன் உள்ளே ஓடப் பார்த்தான். அவள் சட்டையில் பிடித்து நிறுத்தினாள். கமலா இருக்கும்போது அவள் படலை தாண்டுவதில்லை. ரஞ்சனியின் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் அவர்களின் ஆடு எங்கள் பயற்றங்கொடியைத் தின்று பெரிய சண்டை. அந்தப் படலையை இனி மிதிக்கமாட்டேன் என்று கமலா ஒழுங்கை முழுவதும் கேட்கச் சொன்னவள். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். கமலாவின் சொல் இருக்கிறது. இன்றைக்கும் ரஞ்சனி அவளுக்கு 'ஆட்டுக்காரி'தான்.

தினேஷ் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வருகிறானாம். பையனைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போனவன். படங்களைப் பிறந்ததிலிருந்து வரிசையாக டிவியில் போட்டுக் காட்டவேண்டுமாம்.

"எங்க வீட்டுல எனக்கே ஒரு சின்ன வயசுப் படம் கிடையாது ஐயா. எல்லாம் ஓடின ஓட்டத்துல போச்சு. நான் எப்பிடி இருந்தேன்னு எனக்கே தெரியாது. இவனுக்காவது இருக்கட்டும்."

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை இன்னும் கடினமாகும் என்றும் நினைத்தேன். சொன்னேன். 'பிள்ளை, என் கையால் ஒரு பிழை நடந்துபோச்சு' என்று தொடங்கி முழுவதும்.

அவள் கவினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாமா ஐயா?"

தெரியாது, தேடுகிறேன் என்றேன். தினேஷுக்கு அனுப்பியவை அவனிடம் இருக்குமே என்று கேட்டேன். அந்தப் போன் வேலை இடத்தில் மேலிருந்து விழுந்து நொறுங்கிவிட்டதாம். பிறகு அவள் சொன்னது: "உங்களுக்கு வீண் கஷ்டம் கொடுத்துட்டேன்." என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல. ஏசியிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

மாலை கோயிலிலிருந்து வந்த கமலாவின் கண் சிவந்திருந்தது. விளக்கு வைக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"பிள்ளையின்ர படத்தை அழிச்சுப்போட்டியளாமே."

அதற்குள் எப்படிக் காதுக்கு எட்டியதென்று கேட்டேன்.

"வேற எதை அழிச்சிருந்தாலும் நான் ஒண்டும் கதைச்சிருக்கமாட்டன்."

இரவு என் சோற்றுக் கோப்பை மட்டும் மேசையில். ஆட்டுக்காரியின் பிள்ளைக்காக இவ்வளவு கோபமா? ஒன்றும் விளங்கவில்லை.

செப். 7, ஞாயிறு

மீட்கும் மென்பொருள் ஒன்று, இலவசம். நேற்றுப் போட்டேன். பாதியில் மின்சாரம் போயிற்று. முதலிலிருந்து மறுபடி. மீட்பவற்றை டி டிரைவில் சேமிக்கக்கூடாது, சி டிரைவில்தான். இதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, திரையில் ஒட்டிவிட்டுத்தான் தொடங்கினேன்.

காலையில் பார்த்தால் முடிந்திருந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள். பெயர் ஒன்றுமில்லை, எண்கள் மட்டும். முதலாவதைத் திறந்தேன்.

யாரோ ஒருவர் கேக் வெட்டுகிறார். பின்சுவரில் சிங்கள எழுத்து அலங்காரம்.

அடுத்தது, வெள்ளைச் சீருடையில் ஒரு சிறுமி. அடுத்தது, அதே சிறுமி, கொஞ்சம் வளர்ந்து. கடற்கரை. ஒரு புது வான் வண்டி. அதன் முகப்பில் பூமாலை.

வேறொருவரின் டிஸ்க் என்றே நினைத்துவிட்டேன். பிறகு விளங்கிற்று. வவுனியாவில் வாங்கிய பாவித்த கணினி இது. முன்பு வைத்திருந்தவர்களின் படங்கள். அவர்களும் அழித்துவிட்டுத்தான் விற்றிருப்பார்கள், அழிந்துவிட்டதென்று நம்பித்தான். இத்தனை வருடமும் அவர்களின் பிறந்தநாள்களுக்கு மேலே நான் என் மின் கட்டண விபரம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இவற்றையும் ரஞ்சனியுடையவற்றையும் பிரிக்கவேண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்காமல் பிரிக்க வழியில்லை. பார்ப்பதில்லை என்ற கொள்கை இன்றோடு முடிந்தது.

செப். 8, திங்கள்

கமலா இன்னும் பேசவில்லை. காற்று இல்லை, புழுக்கம். காலை முழுவதும் அந்நியர்களை ஒரு பக்கம் ஒதுக்கினேன், அழிப்பதற்கு. பதினொரு மணியளவில் முதல்முறையாகக் கவின். ஓலைப்பாயில் குப்புறக் கிடந்து தலை தூக்குகிறான். வாய்விட்டு "வந்திட்டான்" என்றேன். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

பிறகு வரிசையாக வரத் தொடங்கின. வரிசை என்று சொல்லக்கூடாது. தவழ்கிறான், அடுத்ததில் நடக்கிறான், அடுத்ததில் தொட்டிலில். அவளுடைய போனில் திகதி ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. எல்லாம் ஒரே சனவரி முதலாம் திகதி.

அடுத்த படம். நீட்டிய கால்களில் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் பூசும் ஒரு பெண். முகம் இல்லை, கைகள் மட்டும். இடது பெருவிரல் நகம் பிளந்திருந்தது. அந்த நகத்தை எனக்குத் தெரியும். உரலில் நசிந்தபோது கட்டுப் போட்டவன் நான்.

அடுத்ததில் முகம். கமலா.

அதற்கடுத்ததிலும். வாயில் சோறு தீத்துகிறாள். மடியில் நித்திரையாக்குகிறாள். பிள்ளை மூக்குக்கண்ணாடியைப் பறித்துப் போட்டுக்கொள்ள, வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாள். கடைவாயில் பல் இல்லாதது தெரிகிறது. இப்படி அவள் சிரித்து நான் பார்த்துப் பல வருடம். லண்டனில் மகளின் பிள்ளைகளைப் போனில் பார்க்கும்போதுகூட இல்லை. எல்லாம் ரஞ்சனியின் வீட்டுக்குள். பின்னால் ஜன்னலில் எங்கள் வேலி.

பிறகு ஒரு வீடியோ. கவினும் கமலாவும் தரையில். திடீரென்று தூரத்தில் ஒரு கிழட்டுக் குரல்: "கமலா... கமலா..." யாரென்று ஒரு கணம் விளங்கவில்லை. நான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறேன். அவள் வாயில் விரலை வைத்து உஸ் என்கிறாள். பிள்ளை என்னைப்போலவே குரலை நடுங்கவிட்டு, "கமலா... கமலா..." என்கிறான். போன் குலுங்குகிறது. ரஞ்சனியின் சிரிப்பு. கமலா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒலியைக் குறைத்து.

நாலு மணி. கோயில். நான் ஒருநாளாவது திருநீறு கேட்டேனா?

கோபம் இல்லை. திகைப்புத்தான். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எனக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறாள். சண்டையில் சொன்ன சொல்லை விழுங்கியதை ஊர் அறியக்கூடாது என்றா? அல்லது எனக்குச் சொன்னால் நான் 'சனம் என்ன சொல்லும்' என்பேன் என்றா? சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன்.

நாலு மணிக்குப் பூத்தட்டோடு இறங்கினாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

செப். 9, செவ்வாய்

வரிசைப்படுத்த முடியவில்லை. சட்டையை வைத்துப் பார்த்தேன், முடியை வைத்துப் பார்த்தேன். திருவிழா வீடியோ எதை விழுங்கியதென்றும் தெரியவில்லை. இருந்ததை அறிந்தவருக்குத்தான் இல்லாதது தெரியும். ரஞ்சனியை அழைத்து இருத்திக் காட்ட எனக்குத் துணிவில்லை.

குசினி வாசலில் நின்றேன். என்ன சொல்வதென்று முன்பே எழுதிப் பார்த்திருந்தும் வேறு விதமாகத்தான் வந்தது.

"கமலா, கவினுக்கு முதல் பல்லு வந்தது தவழ முந்தியோ, பிந்தியோ?"

அகப்பை பானைக்குள் நின்றது. அவள் திரும்பவில்லை.

"அதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள்?"

"உமக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

அடுப்பில் ஏதோ பொரிந்தது. நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நெருப்பைக் குறைத்தாள். கையைச் சீலையில் துடைத்தாள். என்னைத் தாண்டிப் போய்க் கணினிக்கு முன் கதிரையில் இருந்தாள். என் கதிரை. நான் முக்காலியை இழுத்துப்போட்டேன்.

"தவழ்ந்த பிறகுதான். இதை மேல போடுங்கோ. இல்லை, அதுக்கும் மேல. இது சின்னமுத்துக் காய்ச்சல் வந்து தேறின மாதம், மெலிஞ்சிருக்கிறான் பாருங்கோ."

அவள் சொன்னாள், நான் நகர்த்தினேன். சோறு அடிப்பிடித்தது. வீடியோ வந்ததும் என் கையைத் தட்டிவிட்டு மௌசைப் பிடுங்கி, ஓடவிடாமல் அடுத்ததுக்குப் போனாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றரைக்கு முடிந்தது. முதல் மாதம் முழுவதும் இல்லை. பிள்ளை பிறந்த துடக்குக் கழித்த முப்பத்தோராம் நாள் படம் ஒன்றுகூட இல்லை. தினேஷ் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒரே படமும் அதற்குள்தானாம். மற்றதெல்லாம் வந்துவிட்டது.

கமலா திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். பூத்தட்டை எடுக்கவில்லை.

"அந்தப் படம் இல்லை எண்டதை நான் போய்ச் சொல்லுறன். நீங்கள் வரவேண்டாம். நீங்கள் அங்க நிண்டு அழுவியள்."

சரி என்று இதை எழுத உட்கார்ந்தேன். வெளியே செருப்புச் சத்தம் படலைவரை போய் நின்றது. கமலா இன்னும் அங்கேதான் நிற்கிறாள். இப்போது குரல்:

"இஞ்சருங்கோ. வாறதெண்டால் ஒரு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கெதியா வாங்கோ."