கண்ணாடிமேல் போட்ட குங்கும வட்டம்

ஓசூர்
7.11.1998

என் கண்ணு முனிலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவுக்கு இருமல் மட்டும் ஓசூர்க் குளிரோடு வழக்கம்போல வந்துவிட்டது. பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு நன்றாக இருக்க சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், அதை அடக்கி வைத்துக்கொண்டு மற்றதை எழுத என்னால் ஆகாது. கம்ப்யூட்டர் சீட்டை விட்டு என்னை யாரும் எழுப்பப் போவதில்லை!

போன கடிதத்தில் அழுதுகொண்டே எழுதினேனே, சோதித்து நான் ஓகே என்று அடித்த பெட்டி கம்ப்யூட்டரில் ரிஜெக்ட் என்று மாறிப் போகிறது, சூப்பர்வைசர் பெரியதம்பி என்னைத்தான் குற்றம் சொல்கிறார், இன்னொரு முறை நடந்தால் பழையபடி பேக்கிங்குக்கே அனுப்பிவிடுவாராம் என்று. பன்னிரண்டு வருஷம் நின்று வேலை செய்தவள், உட்கார்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அந்தத் தப்பு திரையில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அவரைக் கூப்பிட்டு வருவதற்குள் போய்விடும். அது வந்ததும் பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்து, திரை அப்படியே படமாகும், பெயிண்ட் என்கிற படம் வரையும் புரோகிராமில் ஒட்டி, தப்பான இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டு என்று நீ பதில் எழுதினாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரிக்காதே. ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்த குங்குமம் என் டிராயரிலேயே இருந்தது. தப்பு வந்ததும் தண்ணீர் தொட்டுக் குழைத்து, மானிட்டர் கண்ணாடிமேல் வட்டம் போட்டுவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்தினேன். பெயிண்டில் ஒட்டிப் பார்த்தால் வட்டத்தைக் காணோம். படம் சரியாக விழவில்லை என்று அதை அப்படியே மூடிவிட்டேன். அதற்குள் திரையும் அடுத்த பக்கத்துக்குப் போய், என் குங்குமம் பெரியதம்பியின் பேரைச் சுற்றி நிற்கிறது. அவர் வந்து பார்த்து, எம்பேருக்கு ஏம்மா பொட்டு வெச்ச, எனக்கும் பூசை போடறியா என்று கேட்க, செக்‌ஷனே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒட்டிய பிறகு மவுஸால் படத்தின்மேல்தான் வட்டம் என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். தப்பு வரவேண்டும் என்று சாமி கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நாலாம் நாள் வந்தது. அழுத்தினேன், ஒட்டினேன், முதல் வேலையாகச் சேவ் செய்தேன். மவுஸ் வழுக்கி வட்டம் களி உருண்டையாட்டம் வந்தது. மேலே நான் அடித்தது, கீழே அது மாற்றியது என்று அம்புக்குறி போட்டு இங்கிலீஷில் எழுதிவிட்டேன். பிரிண்டரில் சிவப்பு கறுப்பாக விழுந்தது, பரவாயில்லை.

புரோகிராம் போட்டுக் கொடுத்த பெங்களூர் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் அந்தத் தாளைப் பார்த்துத்தான், இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேவ் செய்தால் புரோகிராமே குழப்புகிறது என்று கண்டுபிடித்தார். நிம்தல்லம்மா, நம்தே தப்பு என்று எல்லார் முன்னாலும் கன்னடத்தில் சொன்னார். என் தப்பில்லையாம், அவர்கள் தப்புதானாம் கண்ணு! பெரியதம்பி தலையைச் சொறிந்துகொண்டு, உன்ன நம்பாம போயிட்டம்மா, மத்த பொண்ணுங்களுக்கும் இதக் கத்துக்குடு என்றார். அப்பா அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார், களி உருண்டையைத்தான் முதலில் காட்டுகிறார்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி பட்டினி கிடக்காதே. தீபாவளிக்கும் லீவு இல்லை என்றுவிட்டாய், வீடு வீடாகவே இல்லை. பொங்கலுக்கு வா. அந்த இரண்டு வார்த்தையைச் சுற்றிக் குங்குமத்தால் வட்டம் போட்டிருக்கிறேன் பார். இது காகிதம்தானே, விழுந்திருக்கும்.

எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இரு.

கம்ப்யூட்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா சாந்தம்மா